குதிரை நட்ட கல்

சுற்றிலும் அத்தனை புல் கிடக்கும்போது ஒரு குதிரைக்கூட்டம் ஒரே ஒருத்தியின் நிலத்தில் மட்டும் ஏன் வந்து நிற்க வேண்டும்? அம்சவேணி இப்படிக் கேட்ட நாளில் இதை எழுதுகிறவனுக்குப் பதில் தெரியவில்லை. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அது அசைபோடாத பிராணி என்ற அளவோடு பள்ளிக்கூடப் பாடம் முடிந்திருந்தது. பதிலைக் கண்டுபிடித்தது அம்சவேணிதான். அதற்கு முன்னால் தப்பைச் செய்ததும் அவள்தான்.

வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம், முள்ளும் ஈச்சமரமுமாக ஒரு பெரிய புதர்வெளி. அதை ஒட்டி அம்சவேணிக்கும் அவள் புருஷன் ஆதிநாராயணனுக்கும் ஒரு துண்டு மானாவாரி நிலம். மழையை நம்பிப் பயிரிடும் நிலத்தை இந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள். ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும் அது காடுதான். அந்தக் காட்டில் விளையும் கேழ்வரகுதான் அவர்களுக்கும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும் வருஷம் முழுவதும் களியும் கூழும். புருஷன் மாட்டுவண்டி ஓட்டிக் கொண்டுவருவது உப்புக்கும் மிளகாய்க்கும் சரியாகப் போகும்.

புதர்வெளியில் இருந்த குதிரைகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. ஜமீன் எடுபட்ட சமயத்தில் லாயத்தைக் காலி செய்தவர்கள், விற்க முடிந்ததை விற்றுவிட்டு மீதியை ஏரிப்பக்கம் துரத்திவிட்டார்கள். பிறகு ரோட்டில் பஸ் ஓட ஆரம்பித்ததும், தீனி போட முடியாத ஜட்கா வண்டிக்காரர்கள் சிலர் தங்கள் குதிரைகளையும் அங்கேயே அவிழ்த்துவிட்டார்கள். அவை குட்டி போட்டன; அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. லகானையும் லாடத்தையும் அறியாத குதிரைகள் வளர்ந்துவிட்டன. ஊர் அவற்றைக் காட்டுக்குதிரை என்றது.

அம்சவேணி நாராயணவனத்தில் பிறந்தவள். கீழே கிடக்கும் ஒன்றை விட்டுவிட்டு நடக்க அவளுக்குத் தெரியாது. அவள் பிறந்த தெருவில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் காலை வேளையில், சாணிக்காகப் பெண்களுக்குள் ஓட்டப்பந்தயமே நடக்கும். கூடை கைவசம் இல்லாதவள், முதலில் பார்த்த சாணியில் ஒரு சுள்ளியைக் குத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். சுள்ளி குத்திவிட்டால் அது அவளுடையது. வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால், குத்தியவள் அந்த இடத்திலேயே நின்று, எடுத்தவள் வெளியே வரும்வரை தெருவை ஒரு வழி பண்ணிவிடுவாள். இந்தப் படிப்போடுதான் அம்சவேணி கல்யாணமாகி இங்கே வந்தாள்.

வந்து சில வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. அவர்களுடைய காட்டின் கிழக்கு மூலையில், ஏரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு பனைமரத்தடியில் குதிரை லத்தி குவிந்து கிடந்தது. சிதறி அல்ல, குவியலாக. யாரோ கொண்டுவந்து கொட்டினதுபோல இருந்தது. அவள் அதைக் கூடையில் வாரி எருக்குழியில் போட்டாள். சில நாளில் அதே இடத்தில் மறுபடி கிடந்தது. மறுபடி வாரினாள். அது முதல் விடிந்ததும் கூடையோடு பனைமரத்தடிக்குப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

"குதிரைங்க உனுக்கு இன்னா கடன்பட்டுக்கீதா வேணி? நாள் தவறாம கொண்டாந்து கட்டுது" என்பான் ஆதிநாராயணன்.

"உனுக்குப் பொறாம மாமா. உன் மாடுங்க வண்டில கட்னா ரோட்ல போட்டுட்டு வருது. இதுங்க தேடி வந்து போடுது."

பக்கத்து நிலத்துக்காரி யசோதாவுக்கும் பொறாமைதான். யசோதா தெலுங்கு வீட்டுப் பெண். பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவாள்; என் நிலம் என்பதை நா சேனு என்பாள், நீ என்பதை நுவ்வு என்பாள்.

"நா சேனுல ஒக்க குதிரையாவது போடுதா பாரு அக்கா! எல்லாம் உனுக்கே."

"மொகத்தப் பாத்துதான் போடுது" என்றாள் அம்சவேணி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருஷம் சிரித்ததோடு சரி.

கேழ்வரகு கதிர் பிடித்துப் பால் ஏறிய வாரத்தில் குதிரைகள் முள்வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. காலையில் அம்சவேணி கூடையோடு போனபோது, கிழக்குப் பாதியில் தட்டை மட்டும் நின்றது. கதிர் இல்லை. வேலியைக் கட்டினார்கள், மறுநாள் மறுபடி தள்ளின. ஆடு புகுந்தால் அடித்து ஓட்டலாம். மாடு புகுந்தால் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைக்கலாம். குதிரை ஒரு கூச்சலுக்குப் புதருக்குள் ஓடிப்போய், கூச்சல் போட்டவள் வீடு திரும்புவதற்குள் வந்துவிட்டது. யசோதாவின் நிலத்திலும் கேழ்வரகுதான். அங்கே ஒரு கதிர்கூடப் போகவில்லை. அறுத்துத் தூற்றியபோது அம்சவேணிக்குக் கிடைத்தது தைமாதம் தாண்டக் காணவில்லை. மீதி மாதங்களுக்கு அவள் யசோதா வீட்டில் களை எடுத்துக் கூழுக்கு வாங்கினாள்.

அந்த வருஷம்தான் எல்லை பிரிந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. நேற்றுவரை தமிழில் கொடுத்த மனுவை இனி தெலுங்கில் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆதிநாராயணன் சத்தியவேட்டுச் சந்தைக்கு வண்டி கட்டிய நாளில் அம்சவேணியும் ஏறிப் போனாள். புளியமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த கோவர்த்தனன் என்பவர் நெல்லூர்ப் பக்கத்து ஆள். தமிழ் நன்றாகப் புரியும் என்று அவரே சொன்னார்.

"செப்பும்மா, சீக்கிரம்" என்றார்.

"காட்டுக் குதிரைங்க எங்க காட்டுல பூந்து மேயுது சாமி. ஆளனுப்பிப் புடிச்சிக்கினு போவச் சொல்லுங்க."

அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். அம்சவேணி கைநாட்டு வைத்தாள்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. ஊர்த் தலையாரி துலுக்காணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யசோதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். மனுவில் இருந்தது இதுதான்: அடவிக் குதிரைகள் அடவியில் புகுந்து மேய்கின்றன. அதற்கு வந்த பதில், அடவியில் உள்ள மிருகம் அடவியில் மேய்வதற்கு நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்பது.

"தப்பு ஒண்ணும் இல்லியேம்மா. நாய் வீட்டுல தூங்குதுன்னு பிராது குடுத்தா இன்னா சொல்லுவான்?" என்றார் துலுக்காணம்.

"காடுன்னா எங்க காடு! உழுத காடு!"

"அடவின்னா அடவிதான் அக்கா, மரம் இருக்கறது. நுவ்வு சேனுன்னு சொல்லியிருக்கணும்" என்றாள் யசோதா.

"அவுருதான் தமிழ் தெரியும்னாரே."

"அவுருக்கு அவுரு காடு தெரியும். உன் காடு தெரியாது."

இன்னொரு மனு கொடுக்கலாம் என்றார் துலுக்காணம். அதற்குள் ஆடி பிறந்து, விதைப்பு வந்துவிட்டது. இந்த வருஷமும் கதிர் போனால் குழந்தைகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தானும் புருஷனும் மெட்ராஸ் பக்கம் செங்கல் சூளைக்குப் போக வேண்டியிருக்கும் என்பது அம்சவேணிக்குத் தெரியும். ஆதிநாராயணன் அதை ஒரே ஒரு முறைதான் சொன்னான். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டாள். வேலிக்கு முள் வெட்டப் போனாள்.

முள் வெட்டும் சாக்கில் அவள் குதிரைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். எதிரி என்ன தின்கிறான், எப்போது வருகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான்; ஆசையினால் அல்ல.

தின்பதுதான் அவற்றுக்கு முழுநேர வேலை. மாடு வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கொஞ்சம் தின்னும், இரண்டடி நகரும், மறுபடி தின்னும். நல்ல வெயிலில் மட்டும் இரண்டிரண்டாக, ஒன்றின் தலைக்கு மற்றொன்றின் வால் வருமாறு நின்றுகொண்டு, ஒன்றுக்கொன்று ஈ ஓட்டிக்கொள்ளும். அருகும் கோரையும் இருக்கும் வரை வேறு எதையும் பார்க்காது. அவை காய்ந்ததும் கருவேலங்காய், உதிர்ந்த ஈச்சம்பழம், கடைசியில் மரப்பட்டை. எருக்கஞ்செடியைச் சுற்றிக்கொண்டு போகும், வாய் வைக்காது. ஏரிக்கரையில் வெள்ளை பூத்த உவர்மண்ணை நக்கும். கோடையில் ஏரி வற்றினபோது முன்னங்காலால் மணலைப் பறித்துப் பறித்து, ஊறின தண்ணீரைக் குடித்ததையும், பிறகு அதே பள்ளத்தில் ஊர் ஆடுகள் குடித்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். சின்னக் குட்டி ஒன்று தாய் போட்ட லத்தியைச் சுடச்சுடத் தின்றதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் சொன்னபோது ஆதிநாராயணன் நம்பவில்லை.

"அம்மா சமையல் எதுவானாலும் புள்ளைக்கு ருசிதான்" என்றான். "உங்கம்மா குழம்ப நீ துன்னல?"

அன்று அவனுக்கு இரண்டாம் முறை களி கிடைக்கவில்லை.

கூட்டத்தை நடத்துவது ஆண்குதிரை என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. காதில் வெட்டு விழுந்த ஒரு கிழட்டுப் பெட்டைதான் முன்னால் நடந்தது. எந்தப் புல், எந்தத் துறை என்று முடிவு செய்வது அதுதான். அது காதைப் பின்னுக்கு மடித்தால் மற்றவை வழி விட்டன. செம்பட்டை நிற ஆண்குதிரை எல்லாவற்றுக்கும் பின்னால், பின்தங்கியதைத் தள்ளிக்கொண்டு வந்தது. வளர்ந்த ஆண்குட்டிகளை அது கடித்துத் துரத்தியது. துரத்தப்பட்டவை நாலைந்து சேர்ந்து ஏரியின் அந்தக் கரையில், வேலையில்லாத பையன்களைப்போல் தனியாகத் திரிந்தன.

இத்தனையும் தெரிந்த பிறகும், ஏன் தன் காடு என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. காலையில் லத்தி வாருவதை அவள் நிறுத்தவும் இல்லை. பயிரைத் தின்பவன் எருவாவது கொடுக்கட்டும் என்பது அவள் கணக்கு.

புரட்டாசியில் கதிர் தலைகாட்டியது. குதிரைகள் வேலியோரம் வந்து நிற்கத் தொடங்கின. ஆதிநாராயணன் தன் பழைய காக்கிச் சட்டையை வைக்கோலுக்கு மாட்டி, கையில் ஒரு தடியையும் கொடுத்து மூலையில் நட்டான்.

"தலையாரி மாதிரியே கீது" என்றாள் யசோதா.

"தலையாரி கைல இருக்கற லத்திக்கு எது பயப்படுதோ இல்லியோ, இதுக்குப் பயப்படும் பாரு" என்றான் அவன்.

மறுநாள் குதிரைகள் பொம்மையின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கதிரைத் தின்றன.

அந்தச் சமயத்தில்தான் அம்சவேணிக்குக் குளிர்சுரம் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. யசோதா கஞ்சி கொண்டுவந்தாள். ஆதிநாராயணன் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போய்க் காவல் இருந்தான். முதல் நாள் வந்த குதிரைகள் அடுத்த நாளும் வந்தன, ஆனால் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் பாதையோடு ஏரிக்குப் போய்விட்டன. பிறகு அப்படியே தினமும் வந்தன, போயின. வேலியை ஒன்றும் தொடவில்லை.

"பாத்தியா என் பொம்மைய!" என்று அவன் கட்டிலருகே வந்து மார்தட்டினான். "மொத நாளு தைரியமா மோந்துது. அப்பறம் ராத்திரில யோசிச்சிருக்கும்."

சுரம் விட்டதும் அம்சவேணி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மீதிக் கதிர் முழுசாக நின்றது. அவள் நின்று பார்த்தாள். பிறகு பனைமரத்தடியில், படுத்திருந்த நாட்களின் லத்தியெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்ததைப் பார்த்தாள். சந்தோஷமாக இரண்டு நடை சுமந்து, இடத்தைச் சுத்தமாக வழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போனபோது கூட்டம் வேலிக்குள் இருந்தது.

அவள் கூச்சல் போட வாயைத் திறந்தாள். போடவில்லை. செம்பட்டைக் குதிரை உள்ளே இல்லை, பனைமரத்தடியில் இருந்தது. வழித்துவிட்ட வெறும் மண்ணை முகர்ந்தது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. மண்ணைக் காலால் பறித்தது. சுற்றி வந்தது, தூரத்தில் எதையோ தேடுவதுபோல் கனைத்தது, மறுபடி வந்து முகர்ந்தது. கொஞ்சம் லத்தி போட்டது. திரும்பி நின்று அதையும் முகர்ந்தது. போகவே இல்லை. அது போகாததால் கிழட்டுப் பெட்டையும் மற்றவையும் காத்து நின்றன. நின்ற இடத்தில் வாய்க்கு எட்டியது கேழ்வரகு. வேலி அந்த மூலையில்தான் பலவீனம்.

அம்சவேணி அப்படியே கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாராயணவனத்துத் தெரு அவள் கண்முன் வந்தது.

கூச்சல் போட்டுக் கூட்டத்தை வெளியே விரட்டிவிட்டு, அவள் நேரே வீட்டுக்கு வந்து புருஷனை எழுப்பினாள்.

"மாமா, அது சுள்ளி குத்துது!"

"எது?"

"செம்பட்ட. இது என் எடம்னு சுள்ளி குத்தி வெச்சிட்டுப் போவுது. நான் தெனம் வாரிக்கினு வந்துடறேன். குத்தி வெச்ச சாணிய எவளாவது எடுத்தா நான் இன்னா பண்ணுவேன்? அங்கியே நின்னுக்கினு எவடீ எடுத்தவன்னு கத்துவேன் இல்ல? அதான் அதுவும் பண்ணுது. வேற எந்தக் குதிரை வந்து எடுத்துதுன்னு காலைல முச்சூடும் தேடுது. அது தேடற வரைக்கும் பொண்டாட்டிங்க சும்மாவா நிக்கும்? துன்னுது."

ஆதிநாராயணன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்போ என் பொம்ம?" என்றான்.

"உன் பொம்மய அடுப்புல வெய்யி."

வாராமல் விட்டால் போதும் என்றான் அவன். அவளுக்கு அது போதவில்லை. பாதை பிரிகிற இடம் தன் காட்டு மூலையாக இருக்கும் வரை, என்றைக்காவது மழை அடித்துக் கரைத்தாலும் இதே கதைதான் என்று யோசித்தாள். எருக்குழிக்குப் போனாள். கடைசியாகக் கொண்டுவந்து போட்டதை அள்ளிக் கூடையில் நிரப்பினாள். பிறந்தது முதல் சாணியைத் தெருவிலிருந்து வீட்டுக்குச் சுமந்தவள், முதல் தடவையாக வீட்டிலிருந்து வெளியே சுமந்தாள்.

முதலில் பனைமரத்திலிருந்து கூப்பிடு தூரம் தள்ளி, ஏரிப் பாதையில் கொட்டினாள். அது யசோதாவின் நிலத்துக்கு நேராக வந்தது. யசோதா களைக்கொட்டோடு ஓடிவந்தாள்.

"அக்கா! நா சேனு பக்கம் வெச்சேன்னா மரியாதை இருக்காது!"

"மொகத்தப் பாத்துப் போடட்டும்னியே?"

"நான் எப்போ சொன்னேன்? நுவ்வுதான் சொன்னே! தூக்கு, மொதல்ல தூக்கு!"

தூக்கினாள். யசோதாவும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கூடை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பயிர் எல்லாம் தாண்டி, ஏரிக்கரையில் பாதை மறுபடி கிளை பிரியும் ஓர் ஈச்சமரத்தடி வரை போனார்கள். அங்கே குவித்தார்கள். மறுநாள் செம்பட்டை பனைமரத்தடியில் நின்று தேடியது. கதிர் கொஞ்சம் போயிற்று. பெண்கள் அன்றைய லத்தியையும் சூட்டோடு சுமந்து ஈச்சமரத்தடியில் சேர்த்து, பனைமரத்தடியில் புதுமண் கொட்டி, முள்ளைப் பரப்பினார்கள். நாலைந்து நாள் இப்படியே நடந்தது. கதிரும் நாளுக்குக் கொஞ்சம் போய்க்கொண்டே இருந்தது. ஆதிநாராயணன் செங்கல் சூளை மேஸ்திரியிடம் பேசி வைக்கலாமா என்று கேட்டான். இன்னும் பார்க்கலாம் என்றாள்.

ஒரு காலையில் கூட்டம் பாதையில் வந்தது. கிழட்டுப் பெட்டை முன்னால். பனைமரத்தைத் தாண்டியது. செம்பட்டை முள்ளை முகர்ந்துவிட்டு நின்றது. அம்சவேணி வேலிக்குள் கேழ்வரகோடு கேழ்வரகாக உட்கார்ந்திருந்தாள். அது காதைத் தூக்கியது. பிறகு பெட்டைகளுக்குப் பின்னால் ஓடியது. ஈச்சமரத்தடியில் போய், முகர்ந்து, உதட்டைச் சுருட்டி, லத்தி போட்டது. உடனே நகர்ந்துவிட்டது. எதுவும் திருட்டுப் போகவில்லை அல்லவா?

அறுவடை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தது. கிழக்கு மூலையில் கொஞ்சம் குறைந்தது. மற்றபடி தானியக் குதிர் நிறைந்தது. குழந்தைகள் பாட்டி வீட்டுக்குப் போகவில்லை. சூளை மேஸ்திரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த மாதத்தில் ஆதிநாராயணன் சந்தைக்குப் போய்விட்டு வந்து சொன்னான்: "ஊத்துக்கோட்டை ரோட்ல சர்வேக்காரனுங்க கல்லு நட்டுக்கினு கீறானுங்க. இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் மெட்ராஸாம். எத்தினி வருஷமா சண்டை போட்டு, எத்தினி பேரு உக்காந்து பேசி நட்ட கல்லு! நீ இன்னாடான்னா ஒரு கூடைய வெச்சிக்கினு ஒரு எல்லைய நவுத்திட்டே."

"கல்லு நவுத்தறது சுலுவா?" என்றாள் அவள், களியைக் கிண்டிக்கொண்டே. "இது லத்தி. சுமக்க லேசு."

அம்சவேணி இன்னமும் கீழே கிடப்பதை விட்டுவிட்டு நடப்பதில்லை. வழியில் சாணி, சுள்ளி, உதிர்ந்த கதிர் எல்லாம் கூடைக்குப் போகும். ஈச்சமரத்தடிக் குவியல் மட்டும் இடுப்புயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதைக் கண்டால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் போன மாதம் கூடையோடு அதன் பக்கம் குனிந்தபோது, ஏரியின் அந்தக் கரை வரை கேட்கும்படி ஒரு கத்துக் கத்தினாளாம். "அது வேறொருத்தருது, தொடாதடீ!"

ஏரியோரமும் புதரோரமும் பயிர் வைத்திருக்கிறவர்கள், அங்கே குதிரை திரிகிற ஊர்க்காரர்கள், இதைப் படித்தால் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தெலுங்கில் சொல்வதானால் மட்டும், காடு என்று வரும் இடத்தில் எந்தக் காடு என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.